ஈரானில் சட்டத்தின் வாயிலை அடைத்தோர் யார்?



இஸ்லாமிய உலகில் ஒரு சாராருக்கு மேல்நாடுகள் மீது இத்துணை வெஞ்சினம் ஏன் என்று பலர் எம்மிடம் வினவுகின்றனர். மதமே காரணம் என்போர் உளர். ஒரு மதத்தின் மீது குற்றப்பத்திரம் வாசிப்பது எளிது. சாட்சியங்களை ஆராய்வதே கடினம். எகிப்தின் கதை வேறு, ஆப்கானிஸ்தானத்தின் கதை வேறு. ஆகவே இன்று ஈரான் என்னும் ஒரு நாட்டின் வழக்கை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

1901 ஆம் ஆண்டில் ஈரானிய மன்னர், டார்சி என்னும் ஆங்கிலச் செல்வருக்கு நாட்டின் பெரும்பகுதியில் எண்ணெய் எடுக்கும் உரிமையை 60 ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்தார். நிகர இலாபத்தில் நூற்றுக்கு 16 பங்கே ஈரானுக்கு. 1908 இல் எண்ணெய் பீறிட்டது. 1914 இல் பிரித்தானிய அரசாங்கமே கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. இலாபத்தைக் கணக்கிட்டதும் கம்பனியே. கணக்குப் புத்தகங்களைப் பரிசோதிக்க ஈரானுக்கு இடமில்லை. குத்தகைக்காரன் சொல்வதே விளைச்சல் என்றால் காணிக்காரன் கதி யாதென்பதை உழவராகிய உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1951 இல் ஈரானியப் பாராளுமன்றம் எண்ணெய்த் தொழிலைத் தேசியமயமாக்கியது. முகம்மது மொசாதிக் பிரதம மந்திரியானார். அவர் மதகுருவுமல்லர், படைத்தலைவருமல்லர். சுவிற்சர்லாந்தில் சட்டம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். பிரித்தானியா ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. மொசாதிக் தாமே அங்கு சென்று தம் நாட்டின் நியாயத்தை எடுத்துரைத்தார். கம்பனியுடன் ஈரான் செய்தது இரு அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கையாகாது, ஒரு கம்பனியுடன் செய்த ஒப்பந்தமே. ஆகவே வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 1952 ஜூலை 22 இல் மன்று தீர்த்தது. ஒன்பது நீதிபதிகள் இப்பக்கம், ஐவர் அப்பக்கம். அவ்வொன்பதின்மருள் பிரித்தானியரான சேர் ஆர்னல்ட் மக்னெயரும் ஒருவர் என்பதை நீதித்துறையின் பெருமைக்காகவேனும் கூறல் வேண்டும்.

வழக்கு எடுபடாமற்போன கட்சி என்ன செய்தது? ஈரானின் எண்ணெயை எவரும் வாங்காதபடி ஏற்கனவே தடுத்திருந்தது. பின்னர் பிரித்தானிய, அமெரிக்க உளவுத்துறைகள் பணத்தை வீசிப் பத்திரிகைகளையும் படையினரையும் தெருச் சண்டியரையும் திரட்டின. 1953 ஓகஸ்ட் 19 இல் மொசாதிக் கவிழ்க்கப்பட்டார். இராணுவ மன்று அவருக்கு 3 ஆண்டுச் சிறை விதித்தது. மறு ஆண்டிலேயே எண்ணெயில் பழைய கம்பனிக்கு 40 வீதம், அமெரிக்கக் கம்பனிகளுக்கு 40 வீதம் எனப் பங்கு பிரிக்கப்பட்டது. இஃது எதிரிகள் கட்டிய கதையன்று. தன் கைவரிசையை அமெரிக்க உளவுத்துறையே 2013 இல் வெளியான ஆவணங்களில் ஒப்புக்கொண்டது.

மொசாதிக்கும் குறையற்றவரல்லர். ஆம் என்போருக்கு ஒரு பெட்டி, இல்லை என்போருக்கு வேறு பெட்டி வைத்து, பாராளுமன்றத்தைக் கலைப்பதற்கு அவர் நடத்திய குடியொப்பம் எந்தச் சட்டத்தரணிக்கும் உவப்பானதன்று. ஆயுதமெடுத்த மதத்தீவிரரும் அன்றே இருந்தனர். 1951 மார்ச்சில் பிரதம மந்திரி ரஸ்மாராவைச் சுட்டுக்கொன்றவர் அவர்களுள் ஒருவரே. ஆயினும் அவர்கள் சிறு கூட்டத்தினர். மக்களிற் பெரும்பாலார் நம்பியது வாக்குப்பெட்டியையும் பாராளுமன்றத்தையுமே.

அடுத்த 25 ஆண்டுகளில் மன்னரின் இரகசியப் பொலிசு கட்சிகளைக் குலைத்தது; பத்திரிகைகளின் வாயை அடைத்தது. முற்றாக அடைக்க இயலாதிருந்தது பள்ளிவாசலே. ஈரானில் குற்றம் புரியும் அமெரிக்கப் படையினரை ஈரானிய மன்றுகள் விசாரிக்கலாகாதென்று 1964 இல் சட்டம் இயற்றப்பட்டபோது, எதிர்த்து முழங்கிய கொமெய்னி நாடு கடத்தப்பட்டார். பாராளுமன்றத்தில் எழுந்திருக்க வேண்டிய குரல் மதகுருவின் வாயிலிருந்து எழுந்தது, மக்களும் செவிசாய்த்தனர்.

1979 இல் மன்னர் வீழ்ந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் மருத்துவத்துக்கென அமெரிக்கா அவருக்கு இடமளித்தது. 1953 மீண்டும் வருகிறதென்று அஞ்சிய மாணவர், நவெம்பர் 4 இல் தெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதராலயத்தைக் கைப்பற்றினர். 52 பேர் 444 நாட்கள் சிறையிருந்தனர். தூதரகத்தாரைப் பிணைபிடித்தல் எச்சட்டத்தாலும் நியாயப்படுத்த முடியாத குற்றம். அவ்வாட்சி தன் மக்களுக்கே இழைத்த கொடுமைகளுக்கு 1953 ஐச் சாட்டாகச் சொல்லவும் நாம் உடன்படோம். கொலையின் நோக்கத்தை விளக்கும் சாட்சி கொலைகாரனை விடுவிப்பதில்லை.

மொசாதிக் 1967 இல் இறந்தார். சிறை முடிந்தபின் இறுதிவரை வீட்டுக் காவலிலேயே வைக்கப்பட்டிருந்தார். அவர் விரும்பிய இடுகாட்டில் அடக்கம் செய்ய மன்னர் இசையாமையால், அகமதாபாத் கிராமத்துத் தம் வீட்டின் உணவறையிலேயே புதைக்கப்பட்டார். புரட்சி வென்றதும் தெஹ்ரானின் பெரிய வீதியொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சில காலத்துள் மதகுருமார் ஆட்சி அப்பெயரையும் நீக்கிவிட்டது.