சுவரும் சித்திரமும்: பிலடெல்ஃபியாவில் நான் பார்த்தது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்னுடையது. இருபது நிமிஷத்தைத் தாண்டக் கூடாது என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியின் ரோட்டோரக் காம்பவுண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க, சங்க நிதியிலிருந்து படம் வரையலாம் என்று ஒரு யோசனை செயற்குழுவில் இருக்கிறது. நான் 1988 முதல் 2014 வரை குடியிருந்த பிலடெல்ஃபியா இந்த வேலைக்குப் பேர்போன ஊர். "அங்கே எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்லுப்பா" என்றார்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம்ம பழமொழி. பிலடெல்ஃபியாவுக்குச் சுவர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லணும். அது வரிசை வீடுகளின் ஊர். கும்பகோணம் பக்கத்துத் தெரு வீடுகள் மாதிரி, இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர். 1950-ல் இருபது லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை, 1990-ல் பதினாறு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஆலைகள் மூடின, பிழைப்புத் தேடி ஜனங்கள் போனார்கள், பூட்டின வீடுகள் பாழாகி இடிக்கப்பட்டன. வரிசையில் ஒரு வீட்டை இடித்தால், பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி. பக்கத்து வீட்டின் பொதுச்சுவர் மூன்று மாடி உயரத்துக்கு மொட்டையாக நிற்கும். ஜன்னல் கிடையாது, மழைக்குத் தாங்குகிற பூச்சும் கிடையாது. கட்டடங்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். இப்படிப்பட்ட சுவர்கள்தான் எனக்குச் சோறு போட்டவை.

அந்தச் சுவர்களில் பையன்கள் ஸ்ப்ரே டப்பாவால் பேர் எழுதினார்கள். ஆமாம், பேர்தான். கட்சியும் இல்லை, சினிமாவும் இல்லை, சொந்தப் பட்டப்பேர். இதைத்தான் அமெரிக்காவில் கிராஃபிட்டி என்கிறார்கள். 1960-களின் கடைசியில் இதை ஆரம்பித்துவைத்தவர்களில் ஒருவர் 'கார்ன்பிரெட்' என்ற பட்டப்பேர் கொண்ட டாரில் மெக்ரே. ஒரு பெண்ணின் கவனத்தை ஈர்க்க அவள் போகும் வழியெல்லாம் தன் பேரை எழுதினார். பிறகு அவர் செத்துப்போனதாக ஒரு பத்திரிகை தவறாகப் போட்டுவிட, மிருகக்காட்சி சாலைக்குள் புகுந்து யானை மேலேயே 'கார்ன்பிரெட் உயிரோடு இருக்கிறான்' என்று எழுதிவிட்டு வந்தாராம். அந்த ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. எனக்கு இதில் சிரிப்போடு இன்னொன்றும் தோன்றும். ஊர் தன்னைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிற பையன், கண்ணில் படும் இடத்திலெல்லாம் தன் பேரை எழுதுகிறான். போலீசாரும் சுண்ணாம்பு வாளியும் எத்தனை வந்தாலும் அந்த ஏக்கம் எங்கே போகும்? வெள்ளையடித்தால் அவனுக்கு அது புது சிலேட்டு.

1984 ஜனவரியில் வில்சன் கூட் மேயரானார். அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர் அவர்தான். அந்த வருஷமே 'கிராஃபிட்டி எதிர்ப்பு வலையமைப்பு' என்று ஒன்றை ஏற்படுத்தி, டிம் ஸ்பென்சர் என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். இனி எழுதமாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போடும் பையனுக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் அவன் சுவர்களைத் தேய்த்துக் கழுவணும். அதுவரைக்கும் எந்த ஊரும் யோசிக்கக்கூடிய திட்டம்தான். அந்தப் பையன்களோடு வேலை செய்ய, ஜேன் கோல்டன் என்ற ஓவியரை நியமித்தார்கள் பாருங்கள், அங்கேதான் கதை திரும்பியது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் சுவரோவியம் வரைந்து பழகியவர் அந்த அம்மா. தேய்க்கிற பிரஷ்ஷை வைத்திருந்த கைகளில் வரைகிற பிரஷ்ஷையும் கொடுத்தார். சுத்தம் செய்யும் திட்டத்துக்கு ஒட்டுவாலாக ஆரம்பித்த இந்த ஓவிய வேலை, 1996-ல் எட் ரெண்டல் மேயராக இருந்தபோது தனித் திட்டமாகவே ஆனது. இதுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் அந்த ஊரில் வரைந்திருக்கிறார்கள்.

ஆரம்ப காலத்து ஓவியங்கள் பல சுமார் ரகம். நல்ல சாமான் வாங்கக் காசு இல்லை. 1990-ல் ரிட்ஜ் அவென்யூவில் கென்ட் ட்விச்செல் வரைந்த ஓவியம்தான் ஊரை நிமிர்ந்து பார்க்கவைத்தது. கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறார், பனியனும் அரைக்கால் சட்டையுமாக அல்ல, கோட்டு சூட்டில், நம்ம பேராசிரியர் மாதிரி. காரை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தவன் நான். தொழில் புத்தி!

அந்தத் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சிவில்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாரசூட் துணி என்று அவர்கள் சொல்லும் ஒரு மெல்லிய துணி. நெய்தது இல்லை, அழுத்திச் செய்தது. ஓவியர் போட்ட வடிவத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் கோடு போட்டு, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று நம்பர் போட்டுவிடுவார்கள். அப்புறம் அதைத் தரையில் விரித்து யார் வேண்டுமானாலும் வண்ணம் பூசலாம். எட்டு வயசுப் பிள்ளை பூசலாம், சக்கர நாற்காலிப் பாட்டி பூசலாம். சாரம் ஏற வேண்டாம், மழைக்குப் பயப்பட வேண்டாம். காய்ந்ததும் அக்ரிலிக் பசை தடவி, வால்பேப்பர் மாதிரி சுவரில் ஒட்டி, மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு. ஒட்டிவிட்டால் எது துணி எது சுவர் என்று தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் சுவரின் விரிசலை அடைத்து, கைப்பிடிச் சுவர் வழியாக இறங்கும் தண்ணீரை நிறுத்தியாகணும். உள்ளே ஈரம் இருந்தால் ஓவியரின் புகழெல்லாம் ரெண்டு மழைக்காலத்தில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

இந்தத் துணி போன இடங்களில் ஒன்று கிரேட்டர்ஃபோர்ட் சிறைச்சாலை. ஆயுள் கைதிகள், குற்றங்களால் பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் இரு தரப்பும் சேர்ந்து வரைந்த 'ஹீலிங் வால்ஸ்' ஓவியங்கள் 2004-ல் வட பிலடெல்ஃபியாவில் சுவரேறின. கைதிகள் வெளியே வர முடியாது; அவர்கள் பூசின துணி வந்தது.

சரி, ஓவியம் இருந்தால் ஏன் கிறுக்கமாட்டான்? சாரம் கட்டும் வேலைக்கு வந்த ஒருவர், இளவயதில் ராத்திரியெல்லாம் ஸ்ப்ரே டப்பாவோடு திரிந்தவர், எனக்கு விளக்கினார். முதலாவது, வெறும் சுவரில் கறுப்பில் எழுதினால் பளிச்சென்று தெரியும்; பத்து நிறம் குழைந்த சுவரில் பேர் முங்கிப்போகும். இரண்டாவது, அவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. உன்னைவிட நன்றாகச் செய்தவன் வேலைமேல் எழுதாதே. மூன்றாவதைத்தான் அவர் அழுத்திச் சொன்னார். அந்தத் துணியில் அவர் தங்கச்சி வண்ணம் பூசியிருப்பாள், எதிர்வீட்டுக் கிழவி படத்தில் இருப்பாள். அதன்மேல் எழுதிவிட்டு எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது?

என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சுவருக்காக சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் போனேன். ஓவியர் சூரியகாந்திப் பூ என்றார். ஒரு வயசான அம்மா எழுந்து, "பூவுக்கு நாங்க என்ன பண்ணினோம், பூ எங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்கிற தோரணையில் ஒரு பிடி பிடித்தார். அடுத்த கூட்டத்தில் இன்னொரு சண்டை. நாலு கூட்டம் ஆயிற்று. எனக்குப் பொறுமை போய்விட்டது; நம்ம ஊர் என்றால் இதற்குள் காண்ட்ராக்டரே முடித்திருப்பார் என்று நினைத்தேன். கடைசிப் பெஞ்சில் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் நாலு கூட்டத்திலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். எங்கள் பேரைப் போடுவீர்களா? போட்டார்கள். சுவரின் அடியில், வண்ணம் பூசின எல்லார் பேரும் ஒரு முழ உயரப் பட்டையில். நான் அந்த ஊரை விட்டு வரும்வரை அந்தப் பட்டைமேல் ஒரு கீறல் விழவில்லை.

இதைவிடக் கடினமான கூட்டங்களும் நடந்திருக்கின்றன. கிரேஸ் ஃபெரி என்ற பகுதியில் 1997-ல் கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் நடுவே பெரிய கொந்தளிப்பு. ஒரே அறையில் உட்காரவே மறுத்தவர்கள் இருந்தார்கள். அங்கே கோல்டனும் பீட்டர் பகாஸ்டும் 1998-ல் வரைந்த 'பீஸ் வால்' ஓவியத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கைகள், பல நிறக் கைகள். ஒரு படத்தால் கிரேஸ் ஃபெரியின் பகை தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதற்காகப் போட்ட கூட்டங்கள் நடந்தன, அவ்வளவுதான். அதுவே சின்ன விஷயம் இல்லை.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் கேளுங்கள். இத்தாலியர் மார்க்கெட்டில் 1995-ல் ஃபிராங்க் ரிஸ்ஸோவின் முகம் வரையப்பட்டது. முன்னாள் போலீஸ் கமிஷனர், 1972 முதல் 1980 வரை மேயர். தென் பிலடெல்ஃபியாவின் இத்தாலிய வம்சாவளியினர் பலருக்கு அவர் வீட்டுப் பிள்ளை. கறுப்பின மக்கள் பலருக்கோ, போலீஸ் தடியின் மறுபெயர். அதே திட்டம், அதே நல்ல வண்ணம், ஆனால் அந்த முகத்தின்மேல் திரும்பத் திரும்பப் பெயிண்ட் வீசினார்கள். துடைக்கத் துடைக்க வீசினார்கள். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, 2020 ஜூனில் அதைப் பூசி அழித்தேவிட்டார்கள். சுவரோவியம் கிறுக்கலைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் இந்தச் சுவரை எனக்கு ஞாபகம் வரும். வண்ணத்துக்கு அந்த சக்தி கிடையாதுங்க. பார்க்கிறவன் அதைத் தன்னுடையது என்று நினைக்கணும்.

இன்னும் ஒன்று. கிறுக்கின பையன்கள் எல்லாம் திருந்தி கிளார்க் ஆகிவிடவில்லை. சிலர் பெரிய ஓவியர்கள் ஆனார்கள். மேற்கு பிலடெல்ஃபியாவில் எஸ்போ என்ற பேரில் எழுதித் திரிந்த ஸ்டீவ் பவர்ஸ், 2009-ல் அதே திட்டத்தின்கீழ் திரும்பி வந்து, மார்க்கெட் தெருவின் உயர்த்தின ரயில்பாதை ஓரமாக ஐம்பது சுவர்களில் ஒரு காதல் கடிதம் வரைந்தார். ரயிலில் உட்கார்ந்தால்தான் வரி வரியாகப் படிக்க முடியும். ஆபீஸ் போகும்போது நான் தினம் படித்த கடிதம் அது. எனக்கு வந்ததில்லை என்று வீட்டில் சொல்லவேண்டியிருந்தது!

கிராஃபிட்டி ஒழிந்ததா என்றால், இல்லை. நகராட்சியின் கழுவும் வண்டிகளுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஓவியம் உள்ள சுவர் தப்பித்தது. அடுத்த சுவர் தப்பவில்லை. காலி மனைகளில் புதுக் கட்டடம் எழும்பி நல்ல ஓவியங்கள் சில மறைந்தும்போயின.

நம்ம சுவருக்கு வருகிறேன். 'விளம்பரம் செய்யாதீர்' என்பதன் மேலேயே கண்ணீர் அஞ்சலியும் காதணி விழாவும் ஒட்டியிருக்கிறது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க நம் மாநிலத்தில் 1959-லேயே சட்டம் போட்டாயிற்று. சிலர் சாமி டைல்ஸ் பதிக்கலாம் என்கிறார்கள். அது சிறுநீர் கழிக்கிறவனைத் தடுக்கும், பசை வாளிக்காரனைத் தடுக்குமா என்பது சந்தேகம். சென்னை மாநகராட்சி 2009-10-ல் அண்ணா சாலை, காமராஜர் சாலைச் சுவர்களில் போஸ்டருக்குத் தடை போட்டுப் படம் வரைய வைத்தது. டிஜிட்டல் பேனர் வந்து பிழைப்பை இழந்த சினிமா பேனர் ஓவியர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. அது நல்ல காரியம். ஆனால் அந்தச் சுவருக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவரை யாராவது என்ன வரையலாம் என்று கேட்டார்களா?

பிலடெல்ஃபியாவை அப்படியே இங்கே பெயர்த்து நடமுடியாது. அங்கே எழுதுகிறவன் தன் பேரை எழுதுகிறான். இங்கே ஒட்டுகிறவன் கூலிக்கு ஒட்டுகிறான், அவனுக்கு ஓவியனிடம் மரியாதை வந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அவனுக்குக் கூலி கொடுக்கும் ரசிகர் மன்றத் தம்பியும் வட்டச் செயலாளரும் இந்தத் தெருக்காரர்கள். அவர்கள் பிள்ளைகள் எதிர்ப்பக்கத்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வண்ணம் பூசின சுவர் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

செயற்குழு மூன்று மாதிரிப் படங்கள் வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி. மூன்றிலும் கல்லூரி நிறுவனர், நூலகக் கட்டடம், பட்டமளிப்புத் தொப்பி. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை நம்மைப் பற்றியவை, சுவரின் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறவர்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அவற்றை உள்பக்கம் வரையலாம் என்பது என் அபிப்பிராயம். வெளிப்பக்கத்துக்கு, முதல் கூட்டத்தை இந்த ஹாலில் போடாமல் ஆட்டோ ஸ்டாண்டில் போடுங்கள். பள்ளி டிராயிங் மாஸ்டரைக் கூப்பிடுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவரையும் கூப்பிடுங்கள். நிதியில் மூன்றில் ஒரு பங்கைப் பின்னால் பழுது பார்க்கவென்று பாங்கில் தனியாகப் போட்டுவையுங்கள். அடியில் ஒரு முழம் பட்டை விடுங்கள், பேர்களுக்கு.

வடக்கு மூலையில் சுவர் ஈரம் குடித்திருக்கிறது; நேற்றுச் சாயங்காலம் தட்டிப் பார்த்தேன். அந்தப் பூச்சு வேலைச் செலவு என்னுடையது, கூட்டத்துக்கு டீ, வடையும் என்னுடையது. இலை போட்டாயிற்று என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.