அலாரம் அடிக்காத இரவு

மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவு நோயாளி என்கிறது 2023 தேசிய சுகாதார ஆய்வு. ஜோகூர் பாருவில் அப்படி ஓர் அம்மா. இன்சுலின் போடுகிறார். கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், கையில் ஒட்டும் சென்சார் வாங்கிக் கொடுத்து, கைப்பேசியோடு இணைத்துவிட்டுப் போகிறான். இரவில் சர்க்கரை இறங்கினால் அலாரம் எழுப்பும் என்ற நம்பிக்கை!

ஆனால் கைப்பேசியில் புதிய மென்பொருள் ஏறினாலோ, புளூடூத் அறுந்தாலோ, 'தொந்தரவு செய்யாதே' என்று வைத்தாலோ அலாரம் கேட்காமலே போகலாம். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதைத்தான் எச்சரித்தது. கேட்காமல் போன அலாரம் மரணத்துக்கும் காரணமாகியிருக்கலாம் என்றது.

பிள்ளைகளே! வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடியவில்லை. மாதம் ஒருமுறையாவது அம்மாவின் கைப்பேசியைக் கையில் எடுங்கள். இணைப்பு இருக்கிறதா, அலாரம் ஒலிக்கிறதா, பாருங்கள். தானாக மென்பொருள் மாறுவதை நிறுத்தி வையுங்கள்.

தாய்மார்களே! விரலில் குத்திப் பார்க்கும் பழைய கருவியைத் தூக்கி எறியாதீர்கள். வியர்த்து, கை நடுங்கினால் அலாரத்துக்குக் காத்திராமல் குத்திப் பாருங்கள். கைப்பேசி மௌனமாக இருக்கலாம். உடம்பு பொய் சொல்லாது! (கைதட்டல்)