பால் வெட்டும் கையும் உலகக் கணக்கும்



ஏலக்காய் விளையும் இந்தக் கம்பம்மெட்டில் ரப்பரைப் பற்றிப் பேசப்போகிறேன். இந்த ஊரின் குளிர் ரப்பருக்கு ஒத்துவராது. குமுளி வழியாக மேற்கே இறங்கி, முண்டக்கயத்தை நெருங்கும்போதுதான் ரப்பர்த் தோட்டங்கள் தென்படும். அங்கே ஏந்தயாறில் 1904-ல் மரம் நட்டவர் ஜே.ஜே. மர்ஃபி என்ற அயர்லாந்துக்காரர். அதற்கு ஈராண்டு முன்பே பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டம் தொடங்கிவிட்டது.

ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான். 1876-ல் ஹென்றி விக்ஹாம் சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை முந்தியது. பிரேசிலிலேயே தோட்டம் போட ஹென்றி ஃபோர்டு 1928-ல் இறங்கினார். நெருக்கமாக நட்ட மரங்களை இலைக்கருகல் பூஞ்சை அழித்தது. 1945-ல் ஃபோர்டு நிறுவனம் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் விட்டுவிட்டு வெளியேறியது. அந்தப் பூஞ்சை ஆசியாவுக்கு வரவில்லை. ரப்பர் அமேசானை விட்டு ஆசியாவுக்கு வந்த அந்த முதல் இடமாற்றத்துக்கு நோய் காரணம்.

அடுத்த இடமாற்றங்களுக்கு நோயைக் காரணம் சொல்ல முடியாது. அவற்றுக்குக் காரணம் பால் வெட்டும் கையும் அதற்குக் கிடைக்கும் கூலியும். அதைப் பற்றித்தான் என் பேச்சு.

மலாயாவின் பெருந்தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்த்து அனுப்பினார்கள். 1938-ல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நடந்தது. விடியுமுன் எழுந்து, சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, தோட்டத்து லயத்திலேயே பிறந்து இறந்த தலைமுறைகள் அவை. அந்த உழைப்பில்தான் மலேசியா பல பத்தாண்டுகள் உலகில் முதலிடத்தில் இருந்தது. 1988-ல் அதன் உற்பத்தி 16 லட்சம் டன்னைத் தாண்டியது. இன்று நான்கு லட்சம் டன்னுக்கும் குறைவு. மண் கெடவில்லை. ஆலைகளில் நல்ல கூலி கிடைத்ததும் இளைஞர்கள் தோட்டத்தை விட்டுப் போனார்கள். குறைந்த ஆட்களைக் கொண்டு நடத்தக்கூடிய எண்ணெய்ப்பனைக்கு முதலாளிகள் மாறினார்கள். லயங்கள் இடிக்கப்பட்டபோது அங்கே வாழ்ந்த தமிழர்கள் பட்ட பாடு தனியாக எழுதப்பட வேண்டிய வரலாறு.

1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து முன்னே வந்தது. அங்கே தோட்டம் சிறு விவசாயிகளுடையது. வெட்டும் கை வீட்டுக் கை, அல்லது விளைச்சலில் பங்கு வாங்கும் கை. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டைப் பாருங்கள். 2010-ல் இரண்டரை லட்சம் டன்கூட எடுக்காத நாடு, பன்னிரண்டே ஆண்டுகளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கே கோகோ பருவத்துக்குத்தான் காசு தரும். ரப்பர் மாதாமாதம் தரும். விவசாயி அதைக் கணக்குப் பார்த்துத்தான் ரப்பர் நட்டார்.

நம் கேரளத்துக்கு வருகிறேன். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-ல் வெளியிட்ட ஆர்ஆர்ஐஐ 105 ரகத்தால், 2000-களில் ஹெக்டேருக்கு 1,800 கிலோவுக்கு மேல் எடுத்து, விளைதிறனில் உலகின் முன்வரிசையில் நின்றோம். 2012-13-ல் நாட்டின் உற்பத்தி 9.13 லட்சம் டன். 2011-ல் கிலோ 240 ரூபாய் வரை போன விலை 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே விழுந்தது. 2015-16-ல் உற்பத்தி 5.62 லட்சம் டன். மரங்கள் அப்படியே நின்றன. வெட்டுவதற்குத்தான் ஆள் வரவில்லை. வெட்டுகூலி போக மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று தோட்டக்காரர்களும் விட்டுவிட்டார்கள். இப்போது அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் கத்தி பிடிக்கிறார்கள்.

இவ்வளவையும் இங்கே சொல்லக் காரணம் உண்டு. தினமும் காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு இந்த மெட்டு ஏறி வரும் கம்பம் பெண்களை நம்பித்தான் இம்மலையின் ஏலத் தோட்டங்கள் நடக்கின்றன. கூலியும் பயணமும் கட்டுப்படியாகாத அன்று அவர்களும் ஏறமாட்டார்கள்.

2015-ல் கேரள அரசு ரப்பருக்கு 150 ரூபாய் ஆதரவு விலை அறிவித்து, சந்தை விலைக்கும் அதற்குமான வித்தியாசத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போடத் தொடங்கியது. நல்ல ஏற்பாடு, தொகையும் பிறகு உயர்ந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு பால் வெட்டுபவரின் கணக்கில் நேராகச் சேர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். ஏலக்காய்க்கு அப்படியோர் ஆதரவு விலை வந்தால், காய் பறிப்பவருக்கும் இதே பங்கு வேண்டும்.