வாலை விட்டு உயிர் காப்பவை

பெங்களூரில் குடியேறிய தமிழருக்கு இவ்வூர்ச் சொற்களிற் பல அந்நியமாய்த் தோன்றுவதில்லை. நம் பால் இங்கே ஹாலு. நம் பல்லி இங்கே ஹல்லி. முதலெழுத்து மாறினும் பிராணி ஒன்றே. பகையின் பிடியில் வாலை விட்டு ஓடும் வித்தையும் ஒன்றே. இன்று அவ்வித்தையைச் சிறிது ஆராய்வோம்.

இழுத்ததனால் மட்டும் பல்லியின் வால் அறுவதில்லை. பல்லியே அதனைக் கழற்றிவிடுகிறது. வாலெலும்புகள் பலவற்றின் உள்ளேயே பிறவியிலிருந்து மெல்லிய பிளவுத்தளம் அமைந்துள்ளது. ஆபத்து நேர்கையில் அவ்விடத்துத் தசைகள் இறுகிச் சுருங்க, வால் அங்கே கழன்று விழுகிறது. இரத்தக் குழாய்களும் சுருங்குவதால் குருதி மிகுதியாக வெளிப்படுவதில்லை. விழுந்த துண்டு சில நிமிடங்கள் துள்ளுகிறது. பூனையின் கண் அத்துள்ளலில் நிற்க, பல்லி சுவரேறி மறைகிறது. அரணைக்கும் இவ்வாற்றல் உண்டு.

இழந்த வால் சில வாரங்களில் மீண்டும் வளரும். எனினும் அது பழைய வால் அன்று. எலும்புக் கோவைக்குப் பதிலாகக் குருத்தெலும்புக் குழாய் ஒன்றே உள்ளே ஓடும். பிளவுத்தளமும் அதில் இராது. ஆகவே அடுத்த முறை, எஞ்சிய பழைய பகுதியிலேதான் கழற்ற வேண்டும். அன்றியும், வால் பல்லிக்குக் கொழுப்புச் சேமிப்பறை. அதனை இழந்தபின் உண்ணும் உணவில் ஒரு பங்கு புதுவாலுக்குச் செலவாகிறது. இது உயிருக்கு ஈடாக அது கொடுக்கும் விலை. பிள்ளைகளின் விளையாட்டுக்காக அவ்விலையை அதனிடம் வாங்குவது தகாது.

ஊர்வன யாவும் இவ்வரம் பெற்றவை அல்ல. தோட்டத்து ஓணானைக் கன்னடத்தார் ஓதிக்யாத என்பர். நகரைச் சூழ்ந்த கருங்கற் பாறைகளில் வாழ்வது பாறை ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு செந்நிறம் கொள்ளும். இவ்விரண்டின் வாலெலும்பிலும் பிளவுத்தளம் இல்லை. வால் போனால் போனதுதான். ஓட்டமும் ஒளிவிடமுமே இவற்றுக்குக் காவல். பாறையைத் தகர்த்து மனை அமைக்கையில் அக்காவலும் பறிபோகிறது. உடும்பு, பச்சோந்தி, பாம்பு ஆகியவையும் இழந்த வாலை மீளப் பெறுவதில்லை.

தவளையின் கதை வேறு. தலைப்பிரட்டையின் வால் வெட்டுண்டால் மீண்டும் வளரும். தவளையாகும் பருவத்தில் உடலுக்குள்ளேயே கரைந்து மறையும். புவனேசுவரத்தின் உத்கல் பல்கலைக்கழகத்தில், ஒடிசி நடனத்திலும் புகழ்பெற்ற பிரியம்வதா மொகந்தி ஹேஜ்மாடி அம்மையாரும் உடனாய்வாளரும் ஒருவகைத் தலைப்பிரட்டைகளின் வாலை வெட்டி, வைட்டமின் 'ஏ' கலந்த நீரில் விட்டனர். வால் வளரவேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன! இவ்வாய்வு 1992-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. வெட்டுண்ட இடத்தில் எவ்வுறுப்பை வளர்ப்பது என்னும் கட்டளை மாற்றத்தக்கது என அது காட்டிற்று.

முதுகுத்தண்டு முறிந்து படுக்கையிற் கிடப்போருக்கு வழி பிறக்குமா என்னும் வினாவுடன் அறிஞர் இன்று பல்லியின் வாலையும் நோக்குகின்றனர். விடை முழுதும் இன்னும் கிட்டவில்லை. அதுவரை, விளக்கருகே பூச்சி பிடிக்கும் அந்தச் சிறு பிராணியைச் சுவரிலேயே இருக்க விடுவோம்.