ஈயம் என்னும் சொல்லும் ஈயத்தின் அணுவும்



பருப்பொருள், தனிமம், அணு ஆகியவை பற்றி மாணவர்க்கு விளங்கும் வண்ணம் பேச வேண்டும் என்பது இன்று நமக்கு இடப்பட்ட பணி. பாடநூல்களில் இப்பகுதி பெரும்பாலும் வரையறைகளோடு தொடங்கும். இடத்தை அடைத்துக்கொள்வதும் எடை உடையதும் பருப்பொருள். அதனினும் எளிய பொருளாகப் பிரிக்க இயலாதது தனிமம். தனிமத்தின் மிகச் சிறிய கூறு அணு. மாணவர் இவற்றை மனப்பாடம் செய்வர், தேர்வில் எழுதுவர், விடுமுறைக்குள் மறந்துவிடுவர். குறை மாணவரிடத்தில் இல்லை. ஒரு கேள்விக்கு விடையாகப் பிறந்த கருத்தை, கேள்வியை நீக்கிவிட்டு விடையை மட்டும் கொடுத்தால் அது மனத்தில் ஊன்றுவதில்லை.

ஆகவே நாம் ஒரே ஓர் உலோகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அது அழைத்துச் செல்லும் இடங்களுக்கெல்லாம் செல்வோம். அவ்வுலோகம் வெள்ளீயம். பேராக் மாநிலத்தார்க்கு அதனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஈப்போவைச் சுற்றிப் பச்சை நீர் தேங்கிக் கிடக்கும் குட்டைகள் அது தோண்டி எடுக்கப்பட்ட தடங்கள். தைப்பிங்கில் நாம் மாலை உலா போகும் ஏரிப்பூங்காவும் ஒரு காலத்தில் ஈயச்சுரங்கமே.

கிந்தா பள்ளத்தாக்கின் ஓடைகளில் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து நின்று, டூலாங் எனப்படும் அகன்ற மரத்தட்டைச் சுழற்றி மணலை அலசும் காட்சியைப் பழைய படங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அவர்கள் செய்தது வேதியியலின் முதற்பாடம். ஆற்றுமணலின் அடர்த்தி நீரைப் போல் ஏறக்குறைய 2.65 மடங்கு, ஈயத்தாதுவின் அடர்த்தி ஏறக்குறைய 7 மடங்கு. தட்டைச் சுழற்றினால் மணல் நீரோடு வெளியேறும். கரிய தாது நடுவில் தங்கும். மணலும் தாதுவும் கலந்திருந்தன, பிரிந்தன. எதுவும் வேறொன்றாக மாறவில்லை. இதுவே கலவை. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிக்கு நிற்கும், 1938இல் கட்டப்பட்ட மிகப்பெரிய ஈயக்கப்பல் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான். தட்டு பெரிதாயிற்று, அவ்வளவே.

ஆனால் தட்டில் தங்கிய கரும்பொடி உலோகம் அன்று. அதனைத் தட்டினால் தகடாகாது, நொறுங்கும். எத்தனை முறை அலசினாலும் எவ்வளவு நுண்ணிதாக அரைத்தாலும் அதிலிருந்து வெண்மையாக மின்னும் ஈயம் வெளிவராது. அதற்கு உலை வேண்டும், கரி வேண்டும். சிங்கப்பூரின் புலாவ் பிரானித் தீவில் 1890இல் இயங்கத் தொடங்கிய உருக்காலையில் நடந்தது இதுதான். கரியோடு சேர்த்துக் காய்ச்சும்போது தாது ஒன்றை இழக்கிறது. அதன்பின் உலோகம் உருகி ஓடுகிறது. தூய தாது 100 கிலோ எடுத்தால் கிடைக்கும் உலோகம் ஏறக்குறைய 79 கிலோ. மீதி 21 கிலோ எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். “எரிந்துவிட்டது” என்பார் சிலர். “புகையாகிவிட்டது” என்பார் வேறு சிலர். ஐரோப்பாவின் பேரறிஞர்களும் இதன் மறுபக்கத்தில் நெடுங்காலம் தடுமாறினர் என்று அப்போது அவர்களுக்குச் சொல்லலாம்.

மறுபக்கம் என்றோம். உலோகமாகிய வெள்ளீயத்தைக் காற்றில் நன்கு காய்ச்சினால் அது மெல்ல வெண்ணிறப் பொடியாகும். பொடியின் எடை உலோகத்தின் எடையைவிட மிகும். எரித்தால் எடை குறைய வேண்டும் என்பதன்றோ நம் பட்டறிவு? இங்கே கூடுகிறது. இங்கிலாந்தில் இராபர்ட் பாயில் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்துக் காய்ச்சினார்; பின் கலத்தைத் திறந்து எடை பார்த்தார்; எடை கூடியிருந்தது. நெருப்பின் நுண்துகள்கள் கண்ணாடியை ஊடுருவி உலோகத்தில் புகுந்துவிட்டன என்று 1673இல் எழுதினார். நூறாண்டு கழித்து, 1774இல், பிரான்சு நாட்டு இலவாசியே அதே ஆய்வைச் செய்தார். ஒரே ஒரு வேறுபாடு: கலத்தைத் திறப்பதற்கு முன்பே எடை பார்த்தார். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பின்பு கலத்தைத் திறந்தபோது வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் எடை கூடிற்று. நெருப்பிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. கலத்துக்குள் இருந்த காற்றின் ஒரு பகுதியை ஈயம் தன்னுள் கொண்டது. காலியான இடத்துக்கு வெளிக்காற்று வந்தது. பாயிலின் அறிவுக்கூர்மையில் குறைவில்லை. திறப்பது முன்னா எடை பார்ப்பது முன்னா என்னும் வரிசையில்தான் நூறாண்டு ஒளிந்திருந்தது. செய்முறைக் குறிப்பேட்டில் படிகளை வரிசையாக எழுதச் சொல்லும்போது முணுமுணுக்கும் மாணவர்க்கு இதனைச் சொல்லுங்கள்.

ஈயம் தன்னுள் கொண்ட பகுதிக்கு இன்று நாம் வழங்கும் பெயர் உயிர்வளி. உலையில் தாது இழந்ததும் அதனையே. கரி அதனைப் பறித்துக்கொண்டு வாயுவாகி வெளியேறுகிறது. ஆக, கரும்பொடி ஒரு சேர்மம். அதிலிருந்து கிடைத்த வெள்ளீயத்தை எந்த உலையில் இட்டும் மேலும் பிரிக்க இயலாது. அதனால் அது தனிமம். “பிரிக்க இயலாதது” என்னும் வரையறை இப்போது வெறுஞ்சொல்லாக இராது. தோற்றுப்போன முயற்சிகளின் கணக்காக விளங்கும்.

இனி அணுவுக்கு வருவோம். அணு என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. அதனாலேயே நம் மேடைகளில் ஒரு பெருமிதம் தோன்றுவதுண்டு: நம் முன்னோர் அணுவை அறிந்திருந்தனர் என்று. பொருளைப் பிளந்துகொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்று எண்ணியவர்கள் இந்தியாவிலும் இருந்தனர், கிரேக்கத்திலும் இருந்தனர். உயர்ந்த சிந்தனை அது. ஆனால் எண்ணியதும் எடை போட்டு மெய்ப்பித்ததும் வேறு வேறு. சொல் நம்மிடம் இருந்தது. தராசின் சான்று பின்னரே வந்தது. இதனைச் சொல்வதால் சொல்லுக்கு இழுக்கில்லை.

அந்தச் சான்றையும் வெள்ளீயமே தருகிறது. ஈயமும் உயிர்வளியும் சேர்ந்து இரு வேறு சேர்மங்கள் உண்டாகின்றன. ஒன்றில் ஈயம் 88.1 விழுக்காடு, உயிர்வளி 11.9 விழுக்காடு. மற்றொன்றில் ஈயம் 78.8, உயிர்வளி 21.2. இவ்வெண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எந்த ஒழுங்கும் தென்படாது. பிரெஞ்சு வேதியியலார் புரூஸ்து பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய சேர்மங்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றிலும் கூறுகள் மாறாத விகிதத்தில் இருப்பதைக் கண்டார். ஆனால் விழுக்காட்டிலேயே எழுதினார். நாம் கணக்கைச் சற்று மாற்றுவோம். ஈயத்தை 100 கிராம் என நிலைநிறுத்துவோம். முதற்சேர்மத்தில் அதனோடு சேரும் உயிர்வளி 13.5 கிராம். இரண்டாவதில் 27 கிராம். சரியாக இரு மடங்கு!

ஏன் 19 கிராம் இல்லை? ஏன் 22 கிராம் இல்லை? உயிர்வளி மாவைப் போல் வேண்டிய அளவு அள்ளிப் போடக்கூடிய பொருளாயின் இடைப்பட்ட அளவுகளும் வந்திருக்கும். முட்டையைப் போல் ஒன்று, இரண்டு என எண்ணிப் போட வேண்டிய பொருளாயின் மட்டுமே இப்படிப் பாய்ந்து செல்லும். ஓர் ஈய அணுவுக்கு ஓர் உயிர்வளி அணு, அல்லது இரண்டு. ஒன்றரை உயிர்வளி அணு என்று ஒன்று இல்லை. நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பன்னிரண்டு வயதிலேயே பள்ளியில் கற்பிக்கத் தொடங்கிய ஜான் டால்டன், வாயுக்களை ஆராய்ந்து இத்தகைய முழு எண் விகிதங்களைக் கண்டார். 1808இல் தம் நூலில் அணுக்கொள்கையை விரித்துரைத்தார். அவர் அணுவைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு கிராம் வெள்ளீயத்தில் இருக்கும் அணுக்களை எழுத 5 போட்டு 21 சுழியங்கள் இட வேண்டும். அத்துணைச் சிறியதை அவர் வகுத்தல் கணக்கால் பிடித்தார்.

இங்கே ஒரு தவறான எண்ணம் மாணவர் மனத்தில் நுழைவதைக் கண்டிருக்கிறோம். ஈயம் பளபளப்பது, எனவே ஈய அணுவும் பளபளக்கும். ஈயம் வளைவது, எனவே அணுவும் வளையும் என்பது. அணு ஒரு குட்டி உலோகத்துண்டு அன்று. இதற்கும் வெள்ளீயமே சான்று. தூய வெள்ளீயத்தை 13 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநாள் வைத்தால் அது மெல்லச் சாம்பல் நிறமாகிப் பொடியாக உதிரக்கூடும். எதுவும் சேரவில்லை, எதுவும் நீங்கவில்லை. அணுக்கள் அடுக்கப்பட்ட முறை மட்டுமே மாறிற்று. அடர்த்தி 7.3இலிருந்து 5.8ஆகக் குறைந்துவிடும். குளிர்நாட்டுத் தேவாலயங்களில் இசைக்கருவியின் ஈயக்குழல்கள் இவ்வாறு நோயுற்றதுண்டு. உருசியக் கடுங்குளிரில் நெப்போலியன் படையினரின் சட்டைப் பொத்தான்கள் பொடிந்து போயின என்றொரு கதையும் உலவுகிறது. சுவையான கதை, சான்று இல்லை. நிற்க. பளபளப்பும் வளைவும் அணுவின் குணங்கள் அல்ல, அணிவகுப்பின் குணங்கள். வெள்ளீயக் கோலை வளைக்கும்போது எழும் மெல்லிய நொறுநொறுப்பு ஓசைகூட உள்ளிருக்கும் படிகங்கள் இடம் பெயர்வதன் ஒலியே.

மொழிக்கென அமைந்த மேடை இது. சொல்லைப் பற்றிப் பேசாமல் போவது முறையாகாது. தமிழில் ஈயம் என்னும் ஒரு பெயருக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன: வெள்ளீயம், காரீயம். மலாயிலும் அப்படியே: தீமா பூத்தே, தீமா ஹீத்தாம், வெள்ளைத் தீமா, கறுப்புத் தீமா. பழைய உரோமரும் இலத்தீனில் இவ்விரண்டையும் வெள்ளை, கறுப்பு என்னும் அடைமொழியிட்டே வேறுபடுத்தினர். தொலைவில் வாழ்ந்த மூன்று மக்கள் ஒரே வகையில் பெயரிட்டது வியப்பன்று. இரண்டும் மென்மையானவை, இரண்டும் எளிதில் உருகுபவை. வெள்ளீயம் 232 பாகையிலும் காரீயம் 327 பாகையிலும் உருகும்.

அட்டவணையைப் பார்த்தால் இவ்விரண்டும் ஒரே நெடுவரிசையில் மேலும் கீழுமாக நிற்பதைக் காணலாம். வெள்ளீயத்தின் அணுக்கருவில் 50 புரோட்டான்கள்; காரீயத்தில் 82. அந்த எண்ணே தனிமத்தின் அடையாளம். வெள்ளீயத்துக்கு மேலே உள்ள இடம் 1871இல் வெற்றிடமாக இருந்தது. உருசிய அறிஞர் மெண்டலீவ் அங்கே வரவேண்டிய தனிமத்தின் அணு எடை 72, அடர்த்தி 5.5 என்று முன்கூட்டியே எழுதி, அதற்குச் சமற்கிருத எண்ணுப்பெயரைச் சேர்த்து ‘ஏக சிலிக்கன்’ எனப் பெயரிட்டார். 1886இல் ஜெர்மனியின் விங்கிளர் அதனைக் கண்டுபிடித்தார். அதுவே ஜெர்மானியம், அணு எடை 72.6, அடர்த்தி 5.3. மேலும் ஒரு செய்தியைச் சொல்லி அட்டவணையை விடுவோம்: உறுதியான ஓரிடத்தான்கள் மிகுதியாக உள்ள தனிமம் வெள்ளீயமே, அவை பத்து.

குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதில் இடர் ஒன்று உண்டு. நம் பாட்டிமார் ஈயச்சொம்பில் இரசம் வைப்பர். வெறுஞ்சொம்பை அடுப்பில் வைக்காதே, முதலில் நீரை ஊற்று என்பது வீட்டுக் கட்டளை. காரணம் மேலே சொன்ன 232 பாகை. உள்ளே நீர் இருக்கும்வரை சொம்பு ஏறக்குறைய 100 பாகையைத் தாண்டாது. நீர் வற்றினால் சொம்பே உருகிவிடும். அது வெள்ளீயச் சொம்பாயின் இரசத்தால் தீங்கில்லை. விலை மலிவு கருதிக் காரீயம் கலந்ததாயின் புளியின் காடித்தன்மை அதனைக் கரைத்து இரசத்தில் சேர்க்கும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடையில் கேட்கும்போதோ இரண்டுக்கும் ஒரே பெயர், ஈயம்.

ஆகவே வகுப்பில் ஒரு செய்முறை. வீட்டில் பயன்படாமல் இருக்கும் ஈயச்சொம்பு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எடை பாருங்கள். நீர் நிறைந்த கலத்தில் முழுதாக அமிழ்த்தி, வழியும் நீரை அளந்துகொள்ளுங்கள். 100 மில்லிலிட்டர் நீர் வழிந்தால் வெள்ளீயச் சொம்பு 730 கிராம் இருக்க வேண்டும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தால் ஏறக்குறைய 786 கிராம் காட்டும். சொம்பின் உட்புறம் காற்றுக்குமிழ் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அது கணக்கைக் கெடுத்துவிடும். எண் கூடுதலாக வந்தால் அச்சொம்பு அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. எண் சரியாக வந்தாலும் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு காரீயத்தை இம்முறை காட்டிக்கொடுக்காது என்பதையும் மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும். அதுவரை இரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கட்டும்.