மோட்டாருக்கு வேண்டியது எலுமிச்சம்பழமா, எண்ணெயா?

(ஆரணியில் கார் வைத்திருப்போரும் ஓட்டுவோரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பெரிய தத்துவமல்ல. சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருப்பவர்கள் அது கெட்டுப்போகு முன்பே அதை எப்படிக் கவனித்துக்கொள்வது என்பதுதான். ‘இதைப் பேச ஒரு மெக்கானிக்கு அல்லவா வேண்டும்? பகுத்தறிவுக்காரருக்கு இங்கே என்ன வேலை?’ என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. எந்தக் காரியத்துக்கும் காரணம் உண்டு, காரணத்தை அறிந்தால் கெடுதலைத் தடுக்கலாம் என்றுதான் நாம் ஊர் ஊராய்ச் சொல்லி வருகிறோம். இதை மோட்டார் வண்டியைப்போல் கண்ணுக்கு நேரே ருசுப்படுத்தும் பொருள் வேறு எது?

ஆரணிக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பட்டுத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெய்பவர் என்ன செய்கிறார்? ‘சேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று இருக்கிறாரா? கையை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிந்து விட்டுத்தானே மேலே நெய்கிறார்? ஒரு நிமிஷச் சோம்பல் சேலையையே பழுதாக்கிக் கூலியில் கையை வைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். தறியில் இவ்வளவு ஜாக்கிரதையாயிருக்கும் நாம், லட்சக்கணக்கில் கடன்பட்டு வாங்கிய காரை மட்டும் அது நடுரோட்டில் நிற்கிற வரையில் திறந்து பார்ப்பதில்லை. இது என்ன நியாயம்?

பார்க்கிறதேயில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆயுத பூசையன்று பார்க்கிறோம். கழுவுகிறோம், பொட்டு வைக்கிறோம், மாலை போடுகிறோம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். பழத்தை வைக்கக் குனிந்தாரே, அவர் அந்த டயரைப் பார்த்தாரா? டயர் வழவழவென்று தேய்ந்திருந்தால் எலுமிச்சம்பழம் அதைத் தடுக்குமா? நடுரோட்டில் பூசணிக்காயை உடைக்கிறோம். பின்னால் வருகிற இருசக்கர வண்டிக்காரன் அதில் வழுக்கி விழுகிறான். நம்முடைய திருஷ்டி போயிற்றோ இல்லையோ, அவனுடைய கால் போயிற்று!

நிற்க, செய்ய வேண்டியதைச் சொல்லுவோம்.

முதலாவது டயர். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், சட்டத்தில் எவ்வளவு காற்று இருக்க வேண்டுமென்று பெரும்பாலான கார்களில் அச்சிட்டு ஒட்டியிருக்கும். பதினைந்து நாளைக்கொருமுறை, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது அளந்து பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது அதிகமாய் மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. பங்குனி, சித்திரை வெயிலில், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வேகமாய்ப் போனால் வெடிக்கிறது. பட்டனில் 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும் என்பது கார்களுக்குச் சட்டம். அந்த அளவைக் காட்ட டயரின் பள்ளங்களுக்குள்ளேயே சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். ரப்பர் தேய்ந்து மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே தீர வேண்டும். ஸ்டெப்னிக்கும் காற்றுப் பாருங்கள். வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில், ஸ்டெப்னி என்ற தெருவில், 1904-இல் இரண்டு சகோதரர்கள் செய்து விற்ற உபரிச் சக்கரத்தால் வந்த பெயர் அது. தெருவின் பெயர் ஆரணி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள்ளே காற்று வைக்கத்தான் நமக்கு ஞாபகம் வருவதில்லை.

இரண்டாவது என்ஜின் எண்ணெய். மட்டமான தரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிஷம் பொறுத்து, அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் எண்ணெய் இருக்க வேண்டும். குறைந்தால் இரும்போடு இரும்பு உராய்ந்து என்ஜின் நாசமாகும். ‘நிறைய ஊற்றினால் நல்லதுதானே’ என்று குறிக்கு மேலே ஊற்றுவதும் கெடுதலே.

மூன்றாவது கூலண்ட். அது குறைந்தால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். அதிலுள்ள உப்பு உள்ளே படியும், துரு பிடிக்கும், வழி அடைபடும். பிறகு என்ஜின் கொதிக்காமல் என்ன செய்யும்? கொதித்த வண்டியின் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்திலிருக்கும் வெந்நீர் முகத்தில் பாயும்.

நான்காவது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரமேறிய எண்ணெய் சூட்டில் ஆவியாகும். பெடலை மிதித்தால் பஞ்சுபோல் இறங்கும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு மலை இறங்கும்போது பெடல் இறங்கினால் யாரைக் கூப்பிடுவது? சாதாரணமாக இரண்டு வருஷத்துக்கொருமுறை அந்த எண்ணெயை மாற்ற வேண்டும். மிதிக்கும்போது கீச்சென்று சத்தம் கேட்டால் கட்டை தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அது சகுனமல்ல, செய்தி.

ஐந்தாவது பாட்டரி, விளக்கு, துடைப்பான். பாட்டரி முனையில் பூத்த உப்பைச் சுத்தம் செய்யுங்கள். ஐப்பசி மழை வருமுன் வைப்பர் ரப்பரைப் பாருங்கள். ஆயுத பூசை அந்த மழைக்குச் சற்று முந்தித்தான் வருகிறது. லீவு நாள்தானே, அன்றைக்கே பாருங்கள்!

‘நாங்கள் என்ன என்ஜினீயரிங் படித்தவர்களா?’ என்று சொல்லாதீர்கள். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் எந்தக் காலேஜில் படித்தார்? ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்தார். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. பழனிக்குப் போகிற பக்தர்களை ஏற்றிச் சென்ற அந்த பஸ் பழனியாண்டவர் தள்ளியா ஓடிற்று? யந்திரத்தை அறிந்த மூளையும் அதைக் கவனித்த கையும் ஓட்டின.

செல்வம் கொழித்த அமெரிக்காவிலும் டயரைக் கவனியாத பாடம் படிக்க வேண்டியிருந்தது. டயர்கள் பிய்ந்து பலர் மாண்டதன் பேரில், 2000-ஆம் வருஷம் 65 லட்சம் டயர்களைக் கம்பெனி திரும்பப் பெற்றது. டயரின் குறையா, காற்றின் குறையா என்று டயர்க்காரரும் கார்க்காரரும் சண்டையிட்டுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் கருவி புதிய கார்களில் இருக்க வேண்டுமென்று அங்கே சட்டம் வந்தது. அவர்கள் ஜனங்கள் செத்ததற்குக் காரணம் தேடினார்கள்; நாம் ‘தலைவிதி’ என்று சொல்லி எழுந்து போய்விடுகிறோம்.

2022-ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் ரோட்டு விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்பது சர்க்கார் கணக்கு. தமிழ்நாட்டில் 17,884 பேர். இத்தனைக்கும் வண்டிக் கோளாறே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அதிவேகமே பெரிய காரணம் என்று அந்தக் கணக்கே சொல்லுகிறது. ஆனால் வேகமாய் வந்தவன் நிறுத்த நினைக்கும்போது பிரேக்கும் டயரும் கைகொடுக்காவிட்டால் அவன் கதி என்ன? எதிரே வந்தவன் கதி என்ன?

இன்னொன்று. அர்ச்சகர் சொன்னதை அப்படியே நம்பாதே என்கிற நாம், பட்டறைக்காரர் சொன்னதை மட்டும் வேதவாக்காகக் கொள்ளலாமா? ‘இதை மாற்ற வேண்டும்’ என்றால் ஏன் என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். யோக்கியமான தொழிலாளி கேள்விக்குக் கோபிக்கமாட்டான். காரோடு வந்த புத்தகம் டாஷ்போர்டுக்குள் பிரிக்காமலே கிடக்கிறது. எத்தனை கிலோ மீட்டருக்கு எதை மாற்றுவது என்பது அதிலேதான் இருக்கிறது. இங்கிலீஷில் இருந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். பெண்ணைக் கூப்பிட்டால் இன்னும் விசேஷம். ராத்திரியில் நெஞ்சுவலி என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குச் சுமார் 40 கிலோ மீட்டர் போக வேண்டியிருந்தால், வலி வருவது வீட்டு ஆண்பிள்ளைக்காகவும் இருக்கலாம். வண்டியைப் பார்க்கவும் ஓட்டவும் பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே தோழர்களே! நாம் கேட்பது பணமல்ல, பதினைந்து நாளைக்கொருமுறை பத்து நிமிஷம். டயர், எண்ணெய், கூலண்ட், பிரேக் எண்ணெய், விளக்கு இந்த ஐந்தையும் பாருங்கள். பார்த்த தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள். இதை நாம் சொன்னோம் என்பதற்காகவும் நம்ப வேண்டாம். நாளைக் காலையில் உங்கள் வண்டியின் நான்கு டயர்களிலும் காற்றை அளந்து பாருங்கள். நாம் சொன்னது அவசியமா இல்லையா என்பதை அந்தக் கருவியே சொல்லிவிடும்.