ஏரியைக் காத்தவர் யார், மானியம் யாருக்கு?

(ஆரணி அருகே முள்ளிப்பட்டில் நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய தோழர் ஒரு கோரிக்கை வைத்தார். ஏரி, குளம், சதுப்பு நிலங்களைக் காக்கும் நில உரிமையாளர்களுக்கு அரசு ஆண்டுதோறும் மானியம் தர வேண்டும், அமெரிக்காவில் தருகிறார்கள் என்றார். உண்மைதான். 1990-ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் வந்த திட்டம் அது. பயிர் வைத்த சதுப்பை மீண்டும் சதுப்பாக்கி விட்டுவைக்கும் உரிமையாளருக்குப் பணம். ஆனால் அங்கே நிலம் யாரிடம் இருக்கிறது? 1920-இல் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று மொத்த விவசாயிகளில் அவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அரசு வேளாண் துறை கடன் கொடுப்பதில் நிறம் பார்த்தது என்று அவர்கள் போட்ட வழக்கு 1999-இல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. நிலத்தைப் பார்த்துக் கொடுக்கும் பணம், நிலத்தை இழந்தவர் வீட்டுக்கு வருமா?

நம் ஊருக்கு வருவோம். இங்கே கூலிக்குத் தறி நெய்கிறவர்கள் இருக்கிறீர்கள். பட்டும் ஜரிகையும் முதலாளியுடையது, உழைப்பு உங்களுடையது. பட்டு நெசவைக் காத்ததற்கு என்று அரசு ஒரு தொகை அறிவித்து, அதைச் சேலைக்குச் சொந்தக்காரர் கையில் கொடுத்தால் சும்மா இருப்பீர்களா?

ஏரியிலும் அதே கதைதான். ஏரி புறம்போக்கு, அதற்குத் தனியார் பட்டா கிடையாது. அதைக் காத்தவர் நீர்க்கட்டி. மழை ராத்திரியில் கரையில் கிடந்தவர், மதகு திறந்தவர், வயல் வயலாகத் தண்ணீர் பிரித்தவர். தமிழ்நாட்டின் பல ஏரிகளில் அந்த வேலை சேரி மக்களுடையது. அறுவடையில் கொஞ்சம் நெல் கூலி. ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் விட்டவர், ஊர்க் கிணற்றில் குடம் வைக்க முடியாது!

சட்டத்தைப் பாருங்கள். 1858-இல் வெள்ளையர் அரசு சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து 'உழைக்கும் வகுப்பு' ஆண்களை வேலைக்கு அழைக்கலாம், வர மறுத்தால் தண்டிக்கலாம். மண் சுமக்க யார் வர வேண்டும் என்பதில் அந்தச் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. 2000-இல் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. அதில் சங்க உறுப்பினர் யார்? ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். 2017-இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, மதிப்பீட்டில் 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரச் சொல்லி, வேலைகளை இந்த ஆயக்கட்டுதாரர்களின் சங்கங்களிடம்தான் ஒப்படைத்தார்கள். அந்த உழைப்பை யார் கொடுத்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6000 ரூபாய் தருகிறார்கள். அதுவும் நிலம் உள்ள குடும்பத்துக்குத்தான். நாற்று நடுகிற பெண் அந்தக் கணக்கில் விவசாயி இல்லை.

பணம் கொடுக்காவிட்டால் ஏரியை ஆக்கிரமிப்பார்கள் என்று ஒரு வாதம் வருகிறது. திருடாமல் இருப்பதற்குச் சம்பளமா? ஏரி நிரம்பும்போது பட்டா நிலம் மூழ்குகிற சிறு விவசாயிக்கு இழப்பீடு கொடுங்கள், அதை நான் மறுக்கவில்லை. அது இழப்பீடு. காத்ததற்கான பணம் வேறு.

2022-இல் தொடங்கிய தமிழ்நாடு ஈரநில இயக்கம் நூறு ஈரநிலங்களை மீட்கப் போவதாகச் சொல்கிறது. நல்லது. அந்தக் கரைகளில் யாருடைய பெயர் பதிவாகப் போகிறது என்று இப்போதே கேட்க வேண்டும். நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளம் வேண்டும். மீன் குத்தகையில் நிலமற்றவர்களுக்குப் பங்கு வேண்டும். ஏரியில் மாடு மேய்ப்பவரும் கோரை அறுப்பவரும் சங்கத்தில் வாக்குரிமையோடு உட்கார வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடும். இதைத் தீர்மானமாகக் கொண்டுபோங்கள். மனுவில் மானியம் என்று எழுதாதீர்கள், சம்பளம் என்று எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் இருக்கிறேன், வாருங்கள்.